சனிக்கிழமை வருகிறவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆர். வழியாகவோ திண்டிவனம் வழியாகவோ ஜோடியாகப் புதுச்சேரிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஊர் திரும்பும் எல்லோருக்கும்,

குருசுக்குப்பத்தில் எங்கள் பழைய வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் பெண்கள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள். அதனால் கூச்சம் கொஞ்சம் குறைவு. இந்தக் கடிதத்தில் அது தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், கல்யாணமாகாத வயதுவந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். அடையாள அட்டையில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு பேருக்கும் பதினெட்டு முடிந்துவிட்டதா என்பதைத்தான். ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாக வருகிறவர்களுக்கும் இதே வரவேற்புதான். இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தண்டனைச் சட்டத்தில் அதற்கென்று ஒரு குற்றப் பிரிவு கிடையாது. அதைக் குற்றமாக்கிய 377 என்ற எண்ணே இந்த ஊருக்கு 1963இல் இந்திய தண்டனைச் சட்டத்தோடுதான் வந்து சேர்ந்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது.

ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றி எனக்குப் பேச்சு இல்லை. கதவு திறந்த பிறகு நடப்பதைத்தான் வாராவாரம் பார்க்கிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

ஒரு ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். மாடிப்படியில் ஒரு பெண் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெந்நீர் கேட்க இறங்கி வந்தவள் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாளாம். கண் சிவந்திருந்தது. அவளோடு வந்த பையன் வாசலில் பைக் சீட்டைத் துடைத்துக்கொண்டே, காலை டிபனுக்கு ஆரோவில் பக்கம் எந்தக் கடைக்குப் போகலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தான். நான் முதலில் சந்தேகப்பட்டது அவனைத்தான். வார்டில் பழகிய கண் அப்படித்தான் பார்க்கும். அவள் தலையை ஆட்டினாள். "அவன் ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் அழுவுறேன்னே தெரியல."

ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். சாயங்காலம் பீச் ரோட்டில் தின்ற சுண்டலோடு சரி. ரெண்டு இட்லியைச் சாப்பிட வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவன் முகம் வெளுத்துப்போனது. வழக்கமாக இந்த இடத்தில்தான் ஆண்கள் பேச ஆரம்பிப்பார்கள்: நான் என்ன செஞ்சேன், நீயும் சரின்னுதானே சொன்னே, இப்ப எதுக்கு அழுவுற. அவன் வாய் திறப்பதற்குள், "பேசாதே, பக்கத்தில் உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். டிபன் கடையெல்லாம் மறந்து பத்து மணிவரைக்கும் இருவரும் அந்தப் படியிலேயே இருந்தார்கள். மாடிக்குப் போக வழியில்லாமல் நான் துணி காயப்போடாமல் நின்றேன்.

அந்த அழுகை நோய் இல்லை. குற்ற உணர்வாக இருந்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 230 மாணவிகளிடம் கேட்டபோது, உறவுக்குப் பிறகு காரணம் தெரியாத அழுகையோ சோகமோ எரிச்சலோ வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்திருக்கிறது என்று 46 சதவீதம் பேர் சொன்னார்கள். இது பெண்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்கும் ஆண்கள் மேலே படியுங்கள். அதே ஆய்வாளர்கள் பிறகு 1,208 ஆண்களிடம் கேட்டார்கள். 41 சதவீதம் பேருக்கு வந்திருக்கிறது. 20 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நாலு வாரத்துக்குள்ளேயே வந்திருந்தது. உச்சத்தில் ஏறிய நாடித்துடிப்பும் மூச்சும் வேகமாக இறங்குகின்றன, சுரப்புகள் மாறுகின்றன. மேலே போனது கீழே வரும்போது சிலருக்குத் தூக்கம் வருகிறது, சிலருக்குப் பசி, சிலருக்குக் குளிர், சிலருக்குக் கண்ணீர். பெண் அழுதால் அது வெளியே தெரிகிறது. ஆண் சட்டையை மாட்டிக்கொண்டு சிகரெட் வாங்கப் போய்விடுகிறான். பாதிப் பேர் போவது சிகரெட்டுக்காக இல்லை என்பது என் கணக்கு.

நம் வீடுகளில் இதற்கு முன்னேற்பாடு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். சாந்தி முகூர்த்தத்துக்கு நேரம் குறிக்கிறோம். வெள்ளிச் சொம்பில் பால், தட்டு நிறைய பழம், லட்டு, முறுக்கு, ஊதுபத்தி, கட்டில் நிறைய மல்லிகை. எல்லாம் முன்னால். பின்னால் என்ன இருக்கிறது? விடியுமுன் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குள் போகவேண்டும் என்ற கட்டளை, கூடத்தில் அத்தைமார் கேலி. சுத்தம் நல்லதுதான். ஆனால் முடிந்த மறு நிமிஷமே தீட்டுப்பட்டதுபோல எழுந்து ஓடும் பழக்கம் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு என்ன சொல்கிறது? உன்னைத் தொட்டதைக் கழுவப் போகிறேன் என்று சொல்கிறது. கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்கள்கூட வார்டில் என்னிடம் மெதுவாகச் சொன்ன குறை இதுதான்: "முடிஞ்ச உடனே அவரு சுவத்துப் பக்கம் திரும்பிடுவாரு சிஸ்டர்."

கழுவுகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நர்ஸ் வாய் சும்மா இருக்காது. பெண்கள் பிறகு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். நீர்க்கடுப்பு வராமலிருக்க மருத்துவர்கள் சொல்லும் யோசனை அது. வெளியே வெறும் தண்ணீர் போதும். உள்ளே சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம். ஆணுறை கிழிந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதைத் தேடி மருந்துக்கடைக்கு அலைவதும் கவனிப்பில் சேர்ந்ததுதான். பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டு நீங்கள் குளித்துக்கொண்டிருக்காதீர்கள்.

முடிந்த பிறகு கவனிப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக வாத்ஸ்யாயனரை இழுக்கிறேன். காமசூத்திரம் என்றாலே கோயில் தூணில் உடம்பை முறுக்கும் சிற்பங்கள்தான் பலருக்கு ஞாபகம் வரும். இரண்டாம் பகுதியின் பத்தாவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது, இரண்டும் ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி வெட்கத்தோடு தனித்தனியே போய்க் கழுவிக்கொண்டு வரவேண்டும். அதோடு முடித்துவிடாமல், திரும்பி வந்து உட்கார்ந்து வெற்றிலை போடவேண்டும். அவன் தன் கையாலேயே அவள் உடம்பில் சந்தனம் பூசவேண்டும். இடது கையால் அணைத்தபடி, கெஞ்சிக் கொஞ்சிக் குடிக்கக் கொடுக்கவேண்டும். சாறு, கஞ்சி, மாம்பழம், சர்க்கரை சேர்த்த நாரத்தை என்று அந்தந்த ஊர் வழக்கப்படி சாப்பாடு. தான் ருசி பார்த்து, இது இனிப்பு, இது மெத்தென்று இருக்கிறது என்று சொல்லி ஊட்டவேண்டும். பிறகு மொட்டை மாடி. அவள் அவன் மடியில் படுத்து நிலாவைப் பார்க்க, அவன் அருந்ததியையும் துருவனையும் சப்தரிஷி மண்டலத்தையும் காட்டவேண்டும்.

அருந்ததி என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நம் கல்யாணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது பட்டப்பகலில். ஐயர் மண்டபத்துக் கூரையைக் காட்டுவார், பெண்ணும் தெரிகிறது என்று தலையாட்டுவாள். வாத்ஸ்யாயனர் அந்த நட்சத்திரத்தை வைத்த இடம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏப்ரல், மே ராத்திரிகளில் எங்கள் மாடியிலிருந்து சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். அதன் வாலில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அதுதான் அருந்ததி. துருவனுக்கு உத்தரவாதம் தரமாட்டேன். புதுச்சேரி 12 பாகை அட்சரேகையில் இருப்பதால் அது அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும், கடல் மூட்டமும் தெருவிளக்கும் விழுங்கிவிடும்.

காமசூத்திரம் முழுவதையும் பழைய உரையோடு 1992இல் பிரெஞ்சில் கொண்டுவந்த ஆலன் தனியேலு, 1950களில் இந்த ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சிலப்பதிகாரத்தையும் அவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்திருக்கிறார். ஊர்ப் பெருமைக்காகச் சொன்னேன்.

வாத்ஸ்யாயனர் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் எழுதியது வேலையாட்களும் மாடமும் உள்ள பணக்கார நகரவாசிக்கு. சந்தனம் அரைத்தவர் யாரென்று அதில் இல்லை. கவனிப்பதெல்லாம் அவன், கவனிக்கப்படுவதெல்லாம் அவள். அவன் மனம் சரிந்தால் யார் பிடிப்பது என்பது அவருக்குத் தோன்றவில்லை. மேலே சொன்ன 41 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உங்களில் சிலர் பையில் கயிறு கொண்டுவருகிறீர்கள். அறை பெருக்குகிற பெண் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். துணி காயப்போட இருக்கும் என்றேன். எனக்குத் தெரியும். கட்டிப்போடுவது, அடிப்பது, கண்ணைக் கட்டுவது, ஒருவர் ஆணையிட மற்றவர் கீழ்ப்படிவது, எல்லாவற்றையும் சேர்த்துக் கிங்க் என்கிறீர்கள். இரண்டு பேரும் தெளிந்த புத்தியோடு விரும்பிச் செய்தால் அதில் நான் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால், இந்த விஷயத்தில் மற்ற ஜோடிகள் உங்களிடம்தான் பாடம் படிக்கவேண்டும். எது சரி, எது கூடாது, எந்த வார்த்தை சொன்னால் நிறுத்தவேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறீர்கள். முடிந்த பிறகு போர்வை, தண்ணீர், இனிப்பு, அணைப்பு என்று ஆஃப்டர்கேரையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறீர்கள். சொந்த சாதியில் பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த எத்தனையோ தம்பதிகளுக்கு இந்தப் பேச்சு வாய்க்கவில்லை.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. வீடியோவில் முடிச்சைக் கற்றுக்கொண்டு, அவிழ்ப்பதைக் கற்காமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக வாத்ஸ்யாயனர் பெயர் சொல்லி எழுதிவைத்த மூன்று விபத்துகள் இருக்கின்றன. கலவியின்போது அடித்த அடியில் ஒரு சோழ அரசன் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றான். சாதவாகன அரசன் சாதகர்ணி தன் பட்டத்தரசி மலயவதியைக் கொன்றான். கை ஊனமான நரதேவன் தவறாக ஓங்கியதில் ஒரு நடனப் பெண்ணுக்குக் கண் போனது. இந்த நரதேவன் பாண்டியனின் சேனாதிபதி என்கிறார் உரைகாரர். மூன்று பேரில் இரண்டு பேர் நம்மவர்கள்! இந்த வகை அடிகளே தென்னாட்டார் வழக்கம் என்று சொல்லி, இது கொடுமை, பண்பற்றது என்று வாத்ஸ்யாயனர் ஒதுக்குகிறார். சுமார் 1,700 வருஷத்துக்கு முந்தைய எச்சரிக்கை. இன்றைய சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆவது பிரிவு பதினெட்டு தாண்டியவரின் சம்மதத்துக்கு மதிப்புக் கொடுக்கிறது. ஆனால் உயிர் போகலாம், கொடுங்காயம் ஆகலாம் என்று தெரிந்தே செய்கிற காரியத்துக்கு எவர் சம்மதமும் கேடயமாகாது.

கழுத்தை நெரிப்பதில் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையவே கிடையாது. சில நொடிகளில் நினைவு தப்பும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் பக்கவாதம் சில நாள் கழித்துக்கூட வரும். குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, தலை இடித்தாலோ, பார்வை மங்கினாலோ வெட்கம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ பொய் சொன்னால் அவர்கள் தப்பான இடத்தில் தேடுவார்கள்.

கட்டிய கை மரத்துப்போனால், விரலைத் தூக்க முடியாவிட்டால், அந்த நொடியே அவிழ்க்கவேண்டும். முடிச்சு வராவிட்டால் வெட்டவேண்டும். மேல்கையில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தினால் மணிக்கட்டு தொங்கிவிடும், தேற வாரக்கணக்கிலும் ஆகலாம். கட்டப்பட்டவரை அறையில் தனியே விட்டுவிட்டு ஐஸ் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். கன்றிப்போன இடத்துக்கு நம்மவர்கள் உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், அது தப்பு. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பதினைந்து நிமிஷம், விட்டு விட்டு. வெந்நீர் இரண்டு நாள் கழித்து. தோல் கிழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணி கட்டினால் போதும். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் சமையலுக்கு.

அடி வாங்கியவரைக் கவனிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடித்தவருக்கும் சரிவு வரும். "எனக்குப் பிடிச்ச ஆளை நான் எப்படி அடிச்சேன்" என்று விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவருக்குத் தோன்றலாம். டாப் டிராப் என்று நீங்களே அதற்குப் பேர் வைத்திருக்கிறீர்கள். அப்போது அவருக்குத் தேவை, எனக்குப் பிடித்திருந்தது, உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று மற்றவர் வாயால் கேட்பது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேட்காமல் அடித்துவிட்டு, நிறுத்து என்றபோது நிறுத்தாமல், விடிந்ததும் பிரியாணி வாங்கிக் கொடுத்துக் காலைப் பிடித்து அழுகிறவன் ஆஃப்டர்கேர் செய்யவில்லை. அடுத்த அடிக்கு இடம் பிடிக்கிறான். வார்டில் அப்படிப்பட்ட கணவன்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். அப்படி நடந்தால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள், அவசரம் என்றால் 112. என் கதவையும் தட்டலாம், எந்த நேரமானாலும்.

எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றி நானே சொல்லவேண்டியிருக்கிறது. விலை மலிவு, உங்களில் பாதிப் பேர் வருவதே அதற்கும் சேர்த்துத்தான். குடித்தவருக்கு வலி தெரியாது, அளவு தெரியாது, சம்மதம் சொன்னது மறுநாள் ஞாபகம் இருக்காது. கயிறும் பாட்டிலும் ஒரே ராத்திரியில் வேண்டாம். கயிறு இல்லாவிட்டாலும், ஒருவர் மட்டையாகிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், தூங்கவிடுங்கள்.

திங்கட்கிழமையையும் கணக்கில் சேருங்கள். சிலருக்கு மனம் சரிவது அப்போதே இல்லை, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து. ஞாயிறு மதியம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சென்னை பஸ்ஸிலும் மற்றவர் பெங்களூர் பஸ்ஸிலும் ஏறுகிறீர்கள். அவரவர் வீட்டில் ஆபீஸ் டூர் என்றோ தோழி கல்யாணம் என்றோ சொல்லியிருப்பீர்கள். கல்யாணமான பெண்ணுக்கு முகம் வாடியிருந்தால் அம்மாவாவது என்ன என்று கேட்பாள். உங்களிடம் கேட்க யாருமில்லை, தெரிந்த ஒரே ஆள் வேறு பஸ்ஸில் போய்விட்டார். ஆண் ஜோடிகளுக்கு இது இரண்டு மடங்கு. அதனால் திங்கட்கிழமை ராத்திரி ஒரு போன். எமோஜி போதாது, குரல் வேண்டும். ஒரே தடவை சந்திப்பு, இனிமேல் தொடர்பில்லை என்று பேசிக்கொண்டு வந்தவர்களும் அந்த ஒரு போனை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுகை வாரக்கணக்கில் நீண்டால், தூக்கம் கெட்டால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

நிறையச் செய்யவேண்டுமோ என்று மலைக்காதீர்கள். டொரண்டோ பல்கலைக்கழகத்தார் 101 ஜோடிகளை 21 நாள் தினமும் குறிப்பெழுத வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறவுக்குப் பிறகு அணைப்பும் கொஞ்சலும் பேச்சும் வழக்கத்தைவிட நீண்ட நாட்களில் இருவருக்கும் திருப்தி கூடியிருந்தது, மூன்று மாதம் கழித்தும் அதன் பலன் தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பாட்டுக் கேட்கிற நேரம் கூடுதலாகப் படுத்திருப்பது யாருக்கும் நஷ்டமில்லை. தொடப்படவே பிடிக்காமல் கொஞ்ச நேரம் தனியே இருக்க விரும்புகிறவர்களும் உண்டு. அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்கும் நேரம் முன்னால், சட்டையோடு இருக்கும்போது: "அப்புறம் உனக்கு என்ன வேணும்?"

என் பங்குக்குச் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். ஞாயிறு காலை அறை காலி செய்யும் நேரம் பதினொரு மணியிலிருந்து ஒரு மணியாகிறது, கூடுதல் பணம் இல்லை. அலமாரியில் இன்னொரு போர்வை, பிளாஸ்க்கில் வெந்நீர், கடலை மிட்டாய், பஞ்சு, கட்டுத்துணி, நுனி மழுங்கிய கத்தரிக்கோல் இருக்கும். கீழே ஃப்ரிட்ஜில் ஐஸ் உண்டு, எதற்கென்று கேட்கமாட்டேன். மொட்டை மாடிக் கதவைப் பத்து மணிக்குப் பூட்டும் வழக்கத்தை விட்டுவிட்டேன், பாய் அங்கேயே சுருட்டி வைத்திருக்கிறது. காலைக்கு இட்லியா கஞ்சியா என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பைக்கை மட்டும் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தவேண்டாம், அந்த மனுஷர் ஆறு மணிக்கே சண்டைக்கு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
குருசுக்குப்பத்து மாடிவீட்டுக்காரி